டிசம்பர் மாசம் வீட்டோட பேச எது நல்லது: வீடியோ காலா, வாய்ஸ் நோட்டா, சாதா போனா?

எங்க ஊரு கன்னியாகுமரி மாவட்டத்துல, கேரளா எல்லை பக்கம், களியக்காவிளைக்கும் மார்த்தாண்டத்துக்கும் நடுவுல. டிசம்பர் பொறந்தா வீட்டு வீட்டுக்கு ஸ்டார் ஏறிரும், பிள்ளைக குடிலுக்கு புல்லு வேணும்னு தட்டுல நெல்லு வெதைச்சு தண்ணி தெளிச்சிட்டு கிடக்கும், ராத்திரியானா கேரல் ரவுண்டு ட்ரம் சத்தம். இது எனக்கு வெளிநாட்டுல பத்தாவது கிறிஸ்மஸ். மொத மூணு வருஷம் சவூதி தம்மாம், அப்புறம் துபாய். நர்ஸ் வேலை, பாதி மாசம் நைட் டியூட்டி. மகனுக்கு ரெண்டு வயசு இருக்கும்போது அம்மாகிட்டயும் வீட்டுக்காரர்கிட்டயும் விட்டுட்டு ஏறுனவ நான், இப்போ அவன் ஆறாம் கிளாஸ்.

புதுசா வர்ற பிள்ளைங்க எல்லாரும் ஒரே கேள்விதான் கேக்குறாங்க, அக்கா வீட்டுக்கு எதுல பேசுறீங்க, எது நல்லா இருக்கும்னு. எந்த ஆப்புன்னு மட்டும் சொன்னா பத்தாது, எதுக்கு எதுன்னு சொல்லணும், அதனால நான் இந்த பத்து வருஷத்துல பாத்ததை வச்சு எழுதுறேன். முதல்லயே சொல்லிடுறேன், நான் வாய்ஸ் நோட்டு பக்கம். ஆனா அதை மட்டும் நம்பி இருந்தா எங்க அம்மா காலு போயிருக்கும், அந்த கதையும் வருது.

வீடியோ கால்ல இருந்து ஆரம்பிப்போம், ஏன்னா எல்லாரும் அதுலதான் ஆரம்பிக்கிறாங்க. துபாய் இருக்கிற யுஏஇ-ல வாட்ஸ்ஆப்ல மெசேஜ் போகும், போட்டோ போகும், வாய்ஸ் நோட்டு போகும், கால் மட்டும் போகாது. இது தெரியாம ஊர்ல இருந்து அம்மாவுக்கு வாட்ஸ்ஆப் கால் சொல்லிக்குடுத்துட்டு வந்து ஏமாறுற பிள்ளைங்க வருஷா வருஷம் உண்டு. இங்க அனுமதி இருக்கிற ஆப்ஸ் வேற, போட்டிம் மாதிரி. 2018-ல அதுக்கு தனி பிளான் வந்தப்போ மொபைலுக்கு மாசம் 50 திர்ஹாம். உங்க போன்ல மட்டும் இருந்தா போதாது, ஊர்ல அம்மா போன்லயும் அந்த ஆப்பை ஏத்தி லாகின் பண்ணிட்டு வாங்க, ஃப்ளைட் ஏறுறதுக்கு முன்னாடியே. விபிஎன், அதாவது நாம எங்க இருந்து நெட்டு பாக்குறோம்னு மறைக்கிற ஆப், அதை போட்டு பேசலாம்னு ரூம்ல யாராச்சும் சொல்லுவாங்க, தயவுசெஞ்சு வேண்டாம். தடை பண்ணுன ஒண்ணை செய்ய விபிஎன் போட்டு மாட்டுனா இங்க சட்டத்துல 5 லட்சம் திர்ஹாம்ல இருந்து 20 லட்சம் திர்ஹாம் வரைக்கும் அபராதம்னு எழுதியிருக்கு. நாம வாங்குற சம்பளத்துக்கு அது விளையாட்டு இல்ல.

சரி கால் கிடைச்சிருச்சு, என்ன நடக்குது? முதல் அஞ்சு நிமிஷம் "கேக்குதா, கேக்குதா, மூஞ்சி தெரியல" லேயே போயிரும். அம்மா போனை காதுல வச்சிருவா, எனக்கு அவ காதும் தோடும்தான் தெரியும். மகன் சின்னப் பையனா இருக்கும்போது மம்மீன்னு ஒரு தடவை கத்திட்டு ஓடிருவான், பிடிச்சு இழுத்துட்டு வந்து உக்கார வச்சா அவன் மூஞ்சி வாடிரும், அதை பாத்து நான் அழ, என்னை பாத்து அம்மா அழ, அப்படியே கட் பண்ணிருவோம். கிறிஸ்மஸ் அன்னைக்கு இன்னும் மோசம். வீட்ல சொந்தக்காரங்க நெறஞ்சு இருப்பாங்க, போன் கை கையா சுத்தும், ஆளுக்கு அரை நிமிஷம், எல்லாரும் "எப்ப வருதா" ன்னு ஒரே கேள்வி, கடைசில அம்மாகிட்ட பேசவே முடியாது, அவ அடுக்களைல இறைச்சி கறிய பாத்துட்டு நிப்பா.

ஆனா கண்ணால பாக்குறதுன்னு ஒண்ணு இருக்கு. மூணு வருஷம் முன்னாடி, கிறிஸ்மஸுக்கு முன்னாடி வர்ற அட்வென்ட்டு ரெண்டாம் ஞாயிறு, மகன் குடிலை காட்டுறேன்னு போனை தரையோட தரையா கொண்டு போனான், அப்போ அம்மா காலு தெரிஞ்சுது. வீங்கி இருந்துச்சு, பெருவிரல் பக்கத்துல தோலு கறுத்து ஒரு புண்ணு. அவளுக்கு சுகர் உண்டு. அதுக்கு முந்தின பத்து நாளும் எனக்கு தினம் அனுப்புன வாய்ஸ் நோட்ல எல்லாம் "எனக்கு ஒரு கேடும் இல்ல மக்ளே, நீ நேரத்துக்கு சாப்பிடு" ன்னுதான் சொல்லியிருந்தா. குரல் பொய் சொல்லும், அம்மாமார் குரல் ரொம்ப நல்லாவே பொய் சொல்லும். மறுநாளே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போக சொன்னேன், விரலுக்கு ஆபத்து வராம தப்பிச்சா. அதுல இருந்து ஞாயித்துக்கிழமை ஒரு வீடியோ கால் கட்டாயம். என்ன பேசுறோம்ங்கிறது இல்ல, கால காட்டு, மாத்திரை டப்பாவை காட்டு, நாலு அடி நடந்து காட்டுன்னு சொல்லுவேன். வயசான ஆளு வீட்ல இருந்தா வீடியோ கால் இதுக்குத்தான்.

மத்த ஆறு நாளும் வாய்ஸ் நோட்டு. ஏன்னு சொல்றேன். துபாய்க்கும் ஊருக்கும் ஒன்றரை மணி நேரம் வித்தியாசம், சவூதி, கத்தார், குவைத்துல இருந்தா ரெண்டரை மணி. கேட்டா சின்னதா தெரியும். நைட் டியூட்டி ராத்திரி 7 மணில இருந்து காலைல 7 மணி, நான் முடிச்சு வெளிய வரும்போது ஊர்ல எட்டரை, மகன் ஸ்கூல் வேன்ல ஏறி போயிருப்பான். அவன் சாயங்காலம் வரும்போது நான் எழும்பி குளிச்சு டியூட்டிக்கு கிளம்பிட்டு இருப்பேன். ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல ஓய்வுன்னு ஒண்ணு கிடைக்கவே கிடைக்காது, கால்னா ரெண்டு பேரும் ஒரே நேரத்துல இருந்தாகணும், வாய்ஸ் நோட்டுக்கு அந்த கட்டாயம் இல்ல. அவன் வேனுக்கு நிக்கும்போது பேசுவான், நான் பஸ்ல வரும்போது கேப்பேன். ஊர்ல மழைக்கு சிக்னல் சரியில்லன்னாலும் அது காத்திருந்து சிக்னல் வந்ததும் தானே போயிரும்.

இன்னொண்ணு, கால்ல பேசும்போது பெரிய விஷயம் மட்டும்தான் பேசுவோம், பணம், ஃபீஸ், யாருக்கு உடம்பு சரியில்ல. வாய்ஸ் நோட்ல சின்னது எல்லாம் வரும். முந்திரிக்கொத்து பலகாரத்துக்கு பயறு வறுத்தாச்சு ஆனா கருப்பட்டி பாகு கொஞ்சம் முறுகிருச்சு, பக்கத்து வீட்ல இந்த வருஷம் நம்மள விட பெரிய ஸ்டாரு, கேரல் ரவுண்டு வந்த பயக்க சாயா கேட்டானுக, இந்த மாதிரி. பின்னாடி மிக்ஸி சத்தம், கோழி கூவுறது, யாரோ "எம்மோ" ன்னு கூப்பிடுறது எல்லாம் சேந்து வரும். எனக்கு வீடு ஞாபகம் வர்றது அந்த சத்தத்துலதான்.

2022 கிறிஸ்மஸ் ராத்திரி எனக்கு டியூட்டி. இங்க டிசம்பர் 25 லீவு கிடையாதுன்னு எல்லாருக்கும் தெரியும், அந்த வருஷம் ஞாயித்துக்கிழமையா வந்தும் எனக்கு ரோஸ்டர்ல 24 ராத்திரி விழுந்துச்சு. ஊர்ல நள்ளிரவு பூசை பன்னிரண்டு மணின்னா இங்க பத்தரை, அப்போ நான் வார்டுல மருந்து குடுத்துட்டு நிக்கேன், கால் எடுக்கவே முடியாது. மூணு மணிக்கு டீ குடிக்க உக்காந்து போனை பாத்தா அம்மா ஒரு வாய்ஸ் நோட்டு போட்டிருந்தா, ஒன்றரை நிமிஷம், அவ ஒரு வார்த்தை பேசல. "உன்னதங்களிலே" பாடும்போது மணி அடிப்பாங்கல்ல, அந்த மணி, பாட்டு, பிள்ளைக இருமுறது, வெளிய வெடி சத்தம், அவ்வளவுதான். இயர்போன் போட்டுட்டு அதை நாலு தடவை கேட்டேன். வீடியோவா எடுத்திருந்தா முன்னாடி இருக்கவங்க தலைதான் தெரிஞ்சிருக்கும்.

அம்மாவுக்கு பழக்கி விடுறதுதான் கஷ்டம். பட்டனை அமுக்குவா, பேச ஆரம்பிக்கும்போது விட்டுருவா, எனக்கு ஒரு செகண்ட் நோட்டா பத்து வரும். அமுக்கி அப்படியே மேல தள்ளினா லாக் ஆயிரும், கைய எடுத்துட்டு பேசலாம்னு மகன் சொல்லிக்குடுத்தான், அதுல இருந்து பிரச்சினை இல்ல. நீங்க அனுப்புனதை அவங்க கேட்டுட்டாங்கன்னா மைக் படம் நீலமா மாறும், செட்டிங்க்ல ப்ளூ டிக்கை ஆஃப் பண்ணியிருந்தாலும் இது தெரியும். அம்மா பேசுறதை தயவுசெஞ்சு ரெண்டு மடங்கு ஸ்பீடுல வச்சு கேக்காதீங்க.

இப்போ சாதா போன். ஐஎஸ்டி, அதாவது வெளிநாட்டு கால், காசு போயிரும், இப்ப யாரு பேசுறான்னு கேப்பீங்க. 2017 நவம்பர் 30 ஓகி புயல் அடிச்சப்போ நான் தம்மாம்ல. அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடிதான், செப்டம்பர்ல, சவூதில இன்டர்நெட் கால் தடையை எடுத்திருந்தாங்க, இனிமே கவலையே இல்லன்னு நாங்க எல்லாரும் சந்தோஷத்துல இருந்தோம். புயல் வந்ததும் நெட்டு போச்சு, கரண்டு போச்சு, டவர் போச்சு, ரப்பர் மரம், வாழை எல்லாம் சாஞ்சு ரோடு அடைஞ்சு போச்சு. போன்ல எத்தனை ஆப் இருந்து என்ன, ஊர்ல அந்த பக்கம் ஒண்ணும் இல்ல. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை பக்கம் கடலுக்கு போனவங்க திரும்பலன்னு நியூஸ்ல மட்டும் ஓடிட்டு இருக்கு. எங்க ஹாஸ்டல்ல கடற்கரை ஊரு பிள்ளை ஒருத்தி இருந்தா, அவ அண்ணன் போட்ல போயிருந்தாரு. அந்த ராத்திரிகளை பத்தி நான் இங்க எழுதல.

மூணாம் நாள் எனக்கு கால் வந்துச்சு, தெரியாத கேரளா நம்பர். எங்க வீட்டுக்காரரு பைக்கை எடுத்துட்டு மரம் வெட்டி வழி விட்ட இடமா பாத்து பாத்து எல்லை தாண்டி நெய்யாற்றின்கரை வரைக்கும் போயி, அங்க ஒரு கடைக்காரர்கிட்ட போன் வாங்கி, மனப்பாடமா வச்சிருந்த என் நம்பருக்கு அடிச்சாரு. நாப்பது செகண்ட் இருக்கும். எல்லாரும் இருக்கோம், ஓடு போச்சு, மகனுக்கு ஒண்ணும் இல்ல. அவ்வளவுதான். அந்த வருஷம் எங்க தெருவுல யாரும் ஸ்டார் போடல.

அதனால நான் எல்லார்கிட்டயும் சொல்றது, எல்லைக்கு அந்த பக்கம் பாறசாலைலயோ நெய்யாற்றின்கரைலயோ ஒரு சொந்தக்காரங்க நம்பர் உங்க போன்ல இருக்கட்டும், உங்க நம்பரை நாட்டு கோடோட ஒரு பேப்பர்ல எழுதி ஊர்ல வீட்டு சுவத்துல ஒட்டுங்க. சிம்ல எப்பவும் ஒரு ஐஎஸ்டி கால் பேசுற அளவுக்கு பேலன்ஸ் வையுங்க. சாதா போன் வருஷத்துல 364 நாள் உதவாது, மிச்சம் ஒரு நாளைக்குத்தான் அது.

பார்சல், கார்டு, லீவு பத்தி கொஞ்சம் சொல்லிட்டு விடுறேன். கப்பல் கார்கோ ஒரு மாசத்துக்கு மேல எடுக்கும், டிசம்பர்ல நெனைச்சா பொங்கலுக்குத்தான் போகும். லீவுல போற கூட்டாளி பெட்டில அரை கிலோ இடம் கேட்டு குடுத்து விடுறதுதான் நிச்சயம், கோடாலி தைலம், பிள்ளைக்கு மிட்டாய், அதுக்கு மேல கேக்காதீங்க, அவளுக்கும் வீடு இருக்கு. திரும்பி வர்றவங்ககிட்ட அம்மா முந்திரிக்கொத்து குடுத்து விட்டா நல்லது, நாள் பட்டாலும் கெடாது. ஆனா மசாலா பொடி அரைச்சு குடுத்து விட்டா அதுல கசகசா இருக்கான்னு கேளுங்க, யுஏஇ, சவூதி ரெண்டு இடத்துலயும் கசகசா தடை, கொண்டு வர்ற ஆளுக்குத்தான் ஆபத்து. டிக்கெட் டிசம்பர் நடுவுல இங்க ஸ்கூல் லீவு விட்டதும் ஏறிரும், திருவனந்தபுரம் நாலு மணி நேர பயணம்தான், ஆனா ஒரு மாச சம்பளம் கேக்கும்.

கடைசியா ஒண்ணு. எங்க அப்பா எண்பதுகள்ல பஹ்ரைன்ல இருந்தவரு. அப்போ கேசட்டுல பேசி ஊருக்கு வர்ற ஆளுக்கிட்ட குடுத்து விடுவாரு, அம்மா டேப் ரெக்கார்டர்ல போட்டு தெருவே உக்காந்து கேக்கும், அப்புறம் எல்லாரும் போனதும் தனியா ஒரு தடவை கேப்பாளாம். அப்பா இறந்து மூணு மாசம் கழிச்சு பீரோல ரெண்டு கேசட்டு கிடைச்சுது. ஒண்ணு பூசணம் பிடிச்சு நாடா ஒட்டிக்கிச்சு, கடைல குடுத்தும் ஒண்ணும் வரல. இன்னொண்ணை மார்த்தாண்டத்துல ஒரு ஸ்டுடியோல குடுத்து பென் டிரைவ்ல ஏத்துனோம், பதினெட்டு நிமிஷம், நடுவுல அப்பா "ஸ்டாருக்கு பேப்பரு வாங்கியாச்சா, பிள்ளைகிட்ட குடு, அது பேசட்டும்" ன்னு சொல்லுவாரு, பதில் பேச அங்க யாரும் இல்லன்னு தெரிஞ்சும் கொஞ்ச நேரம் சும்மா இருப்பாரு. அந்த பிள்ளை நான்தான்.

வாட்ஸ்ஆப்ல இருக்கிறது தானே, எங்க போயிரும்னு நெனைக்காதீங்க. தம்மாம்ல இருந்து இங்க மாறி வரும்போது போன் மாத்துனதுல எனக்கு மூணு வருஷ நோட்டு மொத்தமா போச்சு, மகன் மழலையா பேசுனது எல்லாம் அதுலதான் இருந்துச்சு. இப்போ ஒவ்வொரு ஞாயிறும் வேணுங்கிற நோட்டை அமுக்கி பிடிச்சு ஷேர் குடுத்து கூகுள் டிரைவ்ல வருஷம் போட்ட ஃபோல்டர்ல ஏத்திருவேன், பத்து நிமிஷம் ஆகும். டிசம்பர்ல ஷாப்பிங் ஃபெஸ்டிவல் ஆஃபர் பாத்து புது போன் வாங்கப் போறவங்க, பழசை எக்ஸ்சேஞ்ச்ல குடுக்கிறதுக்கு முந்தின நாள் ராத்திரியே இதை செஞ்சிருங்க.