கேஸ் கீசருக்கு எந்தக் குழாய்: ஆரஞ்சு டியூபா, ஜி.ஐ.யா, செம்பா?

குன்னூரில் அம்மா வீட்டில் கேஸ் கீசர் மாட்ட வந்தவர், பையிலிருந்து ஐந்து மீட்டர் ரப்பர் டியூப் சுருளை எடுத்து வைத்தார். சமையலறை ஜன்னல் வழியே வெளியே விட்டு, குளியலறை வென்டிலேட்டர் வழியே உள்ளே இழுத்தால் அரை மணி நேர வேலைதான் என்றார். "அது வேண்டாம்னா சிலிண்டரையே பாத்ரூம்ல வச்சிடலாம்மா, எல்லா வீட்லயும் அப்படித்தான்" என்றும் சொன்னார். அம்மா என்னைப் பார்த்தார். வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டேன். பிறகு என்னென்ன வழி இருக்கிறது என்று ஒவ்வொன்றாக விசாரித்ததில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

குழாயைப் பற்றிப் பேசும் முன், கீசர் எங்கே இருக்கப் போகிறது என்று முடிவாக வேண்டும். என் பதில் ஒன்றுதான்: குளியலறைக்கு வெளியே. கதவைச் சாத்திக்கொண்டு குளிக்கும் சிறிய அறைக்குள் எரியும் கீசர், அறையின் ஆக்சிஜனைக் குறைத்துக்கொண்டே கார்பன் மோனாக்சைடை விடும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மயங்கி விழுபவருக்கு எச்சரிக்கையே கிடைக்காது. நம் நாட்டு மருத்துவர்கள் இதற்கு 'கேஸ் கீசர் சிண்ட்ரோம்' என்று பெயரே வைத்து எழுதியிருக்கிறார்கள். கீசரை வெளிச்சுவரில், மழை படாத, காற்றோடும் இடத்தில் மாட்டி, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுபோனால் போதும். உள்ளே குழாயைத் திறந்ததும் தண்ணீர் ஓட்டத்தை உணர்ந்து கீசர் தானாகப் பற்றிக்கொள்ளும். சிலிண்டரைக் குளியலறையில் வைப்பது இன்னும் மோசம். எல்பிஜி, அதாவது சமையல் கேஸ், காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையிலேயே படர்ந்து மூலையிலும் வடிகாலிலும் தேங்கும்.

ஆகவே சிலிண்டர் சமையலறைப் பக்கமே இருக்கட்டும், கீசர் வெளிச்சுவரில். இடையில் எங்கள் வீட்டில் ஏழு மீட்டர். வளைவுகளையும் சேர்த்தால் பத்து என்று கணக்கு வைத்துக்கொண்டேன்.

ஆரஞ்சு டியூப்

உள்ளே எஃகுக் கம்பி வலை வைத்த சுரக்ஷா டியூப் நல்ல பொருள். அடுப்புக்கு அதைத்தான் நானும் போடுகிறேன். ஆனால் அது வழித்தடம் இல்லை, இணைப்பு மட்டும்தான். ஒன்றரை மீட்டர் அளவில் விற்பதற்குக் காரணம் உண்டு. முழு நீளமும் கண்ணில் பட வேண்டும், சுவருக்குள்ளோ ஜன்னல் வழியோ போகக் கூடாது, ஐந்து வருடத்தில் மாற்ற வேண்டும். அதன் மேல் அச்சிட்டிருக்கும் தேதி அதற்குத்தான். ஜன்னல் சட்டத்தில் நசுங்கி, வெயிலில் காய்ந்து, எலி கடித்த டியூப் எந்த இடத்தில் விட்டுப்போனது என்று நாசியால் தேடும் நிலை யாருக்கும் வர வேண்டாம். இரண்டு துண்டுகளை நடுவில் ஒட்டுப்போட்டு நீட்டுவது அதைவிட ஆபத்து. என் தீர்ப்பு: கடைசி ஒரு மீட்டருக்கு மட்டும் டியூப்.

ஜி.ஐ. பைப்

துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்தான் இது, நம் ஊர் பிளம்பர்களுக்குக் கைவந்த பொருள். அடித்தாலும் நசுங்காது, எலி பல் வைக்காது, விலையும் செம்பைவிடக் குறைவு. கடையில் கனமான ரகமான 'சி கிளாஸ்' என்று கேட்டு வாங்க வேண்டும். அரை அங்குலக் குழாயே வீட்டுக் கீசருக்குத் தாராளம்.

சிக்கல் மரையில், அதாவது குழாய் முனையில் வெட்டும் திருகுவரியில் இருக்கிறது. ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு எல்போ (முழங்கை போன்ற இணைப்பு), ஒவ்வொரு எல்போவுக்கும் இரண்டு மரை. எங்கள் வீட்டு வழியில் ஐந்து திருப்பம். அதாவது பத்து இடத்தில் கசியலாம். மரை வெட்டிய இடத்தில் துத்தநாகப் பூச்சும் போய்விடும், துரு அங்கேதான் முதலில் பிடிக்கும். பெயின்ட் அடித்துப் பராமரித்தால் பல வருடம் நிற்கும். கடற்கரை ஊர்களிலும், எந்நேரமும் ஈரமாக இருக்கும் சுவர்களிலும் அந்தப் பெயின்டை மறந்தால் விரைவிலேயே பொரிந்துவிடும். தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் மெல்லிய வெள்ளை டேப்பை இங்கே சுற்ற விடாதீர்கள். கேஸுக்கென்று தடித்த மஞ்சள் டேப் இருக்கிறது.

செம்பு

நான் கடைசியில் எடுத்தது இது. ஏன் என்று சொல்ல ஒரு கணக்கு தேவை.

நிமிடத்துக்கு ஆறு லிட்டர் தரும் கீசர், தண்ணீரின் சூட்டை 25 டிகிரி கூட்ட மணிக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ எல்பிஜி எரிக்கும். அடுப்பின் பெரிய பர்னரைப் போல ஐந்தாறு மடங்கு. ஆனால் வீட்டு ரெகுலேட்டர் கொடுக்கும் அழுத்தம் வெறும் 30 மில்லிபார். இவ்வளவு கேஸ் இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் ஓடும்போது குழாயின் உள்விட்டம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. விட்டம் பாதியானால் தடை இரண்டு மடங்கோ நான்கு மடங்கோ ஆகாது, ஏறத்தாழ 32 மடங்கு ஆகும். பத்து மீட்டருக்குக் கணக்குப் போட்டால், 8 மில்லிமீட்டர் உள்விட்டத்தில் சுமார் 3 மில்லிபார் போய்விடும், கையிருப்பில் பத்தில் ஒரு பங்கு. 10 மில்லிமீட்டரில் 1 மில்லிபார்தான் இழப்பு. "சன்னக் குழாயே போதும்" என்று யாராவது சொன்னால் இந்த வித்தியாசத்தை நினைவில் வையுங்கள். கீசர் பற்றாமல் டிக் டிக் என்று தட்டிக்கொண்டே இருப்பதற்குப் பல வீடுகளில் இதுவும் ஒரு காரணம்.

செம்பின் பெரிய பலம், மென்மையான ரகம் சுருளாகக் கிடைப்பது. ஸ்பிரிங் வைத்து வளைத்தால் ஐந்து திருப்பமும் ஒரே குழாயில் முடிந்தன. இணைப்பு இரண்டே இரண்டு, இரண்டும் கண்ணெதிரே. துருவும் பிடிக்காது. நடுவில் இணைத்தே ஆக வேண்டும் என்றால் பிரேசிங் (அதிகச் சூட்டில் உருகும் உலோகத்தால் பற்றவைப்பது) செய்யச் சொல்லுங்கள், சாதாரண ஈயப் பற்று வேண்டாம். அது சுமார் 200 டிகிரியிலேயே உருகத் தொடங்கும். பக்கத்தில் தீப்பிடித்தால் முதலில் விட்டுப்போகும்.

பலவீனமும் உண்டு. ஆணி ஒன்று போதும், துளை விழும். ஏணி சாய்ந்தால் நசுங்கும். வெளியே எட்டும் உயரத்தில் போனால் திருட்டுப் பயம். ஏசி வேலையில் மிஞ்சிய மெல்லிய துண்டைக் கொண்டுவந்து மாட்டப் பார்ப்பார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அலுமினியம் உள்வைத்த மஞ்சள் பிளாஸ்டிக் குழாயையும் ஒருவர் காட்டினார். வளைக்க எளிது, துருப் பிடிக்காது. ஆனால் வெயிலும் சூடும் அதற்கு ஆகாது, எங்கள் வழி முழுக்க வெயில் படும் சுவர். அதனால் விட்டுவிட்டேன். தண்ணீருக்கான பி.வி.சி., சி.பி.வி.சி. குழாய்களைக் கேஸுக்குப் போடுவதைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

எதை மாட்டினாலும்

சுவரைத் துளைக்கும் இடத்தில் குழாய்க்குச் சட்டை போலப் பெரிய குழாய் ஒன்றைச் செருகி, அதனுள்ளே விட வேண்டும். சுவருக்குள் இணைப்பே வரக் கூடாது. கீசருக்கு முன்னால் கை எட்டும் இடத்தில் கேஸுக்கான பால் வால்வு (ball valve, திருப்பி மூடும் வால்வு) ஒன்று வேண்டும். மின் வயரிலிருந்து தள்ளியே போக வேண்டும்.

பிறகு சோதனை. இதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். ரெகுலேட்டரையும் கீசரையும் கழற்றிவிட்டு, இரு முனையும் அடைத்து, சைக்கிள் பம்ப்பால் காற்றேற்றி, அழுத்தம் காட்டும் கேஜின் முள்ளைப் பார்த்தபடி அரை மணி நேரம் உட்கார வேண்டும். கீசரோடு சேர்த்து அழுத்தம் ஏற்றினால் அதன் வால்வு கெடும். முள் இறங்கவில்லை என்றால்தான் கேஸ் திறப்பது. அதன்பிறகும் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை. தீக்குச்சியை உரசி கசிவு தேடும் 'அனுபவசாலிகள்' இன்னும் இருக்கிறார்கள், அவர்களை வீட்டுக்குள் விடாதீர்கள்.

எங்களுக்குக் கேஸ் ஏஜென்சியின் மெக்கானிக்தான் வந்து செய்தார். முள்ளைப் பார்க்க உட்கார்ந்தவர், அரை மணி முடியும்வரை எழவில்லை. அம்மா அவருக்கு இரண்டு முறை டீ கொடுத்தார்.

குழாய் போகும் வழியை அளவோடு வரைந்து சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன், நாளைக்கு யாராவது ட்ரில் எடுத்தால் பார்த்துக்கொள்ள. அதே தாளில் ஆரஞ்சு டியூப்களின் தேதியும், கசிவுக்கு அழைக்க 1906 என்ற எண்ணும் இருக்கின்றன.