சர்ச்சில் பாட நான்கு குரல் பாடகர் குழுவா, ஆராதனை பேண்டா?

இரண்டிலும் பாடியிருக்கிறேன். பாடகர் குழுவுக்கு சோப்ரானோ, ஆல்டோ (பெண்களின் மேல், கீழ்க் குரல்கள்), டெனர், பேஸ் (ஆண்களின் மேல், கீழ்க் குரல்கள்) நான்கும் வேண்டும், வாராவாரம் ஒத்திகையும் வேண்டும். ஆனால் குரல் சுமாராக இருப்பவர்கூட பக்கத்தில் நிற்பவரைப் பிடித்துக்கொண்டு பாடிவிடலாம். (டெனருக்கு ஆள் பிடிப்பதுதான் பெரும்பாடு.)

பேண்டுக்கு ஐந்தாறு பேர், கீபோர்டு, கித்தார், டிரம்ஸ், சரி, கிளம்பிவிடலாம். சிக்கல் என்னவென்றால், மைக் பிடித்தவர் தன் குரலுக்கு வசதியான சுதியில் எடுத்துவிடுவார், இரண்டாவது சரணத்திலேயே சபை வாயை மூடிக்கொண்டு திரையைப் பார்த்து நிற்கும். பாட்டின் உச்ச ஸ்வரம் மேற்கத்திய இசையின் ‘டி’ (D) ஸ்வரத்தைத் தாண்டாதபடி சுதியை இறக்கிப் பாருங்கள், பின்வரிசையும் சேர்ந்து பாடும். அப்புறம் அந்த டிரம்ஸ் சத்தம்!

பாடத் தெரிந்தவர் பத்துப் பேருக்குக் குறைவென்றால் பேண்டே போதும். என் ஓட்டு பாடகர் குழுவுக்குத்தான். கரண்ட் போனாலும் பாட்டு நிற்காது.