சான்றிதழை நம்பிப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினேன். 14 மாதச் சம்பளம் போய்விட்டது

நேற்று மாலைதான் மெக்கானிக் முழுக் கணக்கையும் சொன்னார். எஞ்சினைப் பிரித்துத் திரும்பக் கட்ட ஆகும் செலவு என் 14 மாதச் சம்பளம். காரின் விலை தனி. வாங்கி இன்றோடு 26 நாள்தான் ஆகிறது. இன்னொருவர் இதே குழியில் விழக்கூடாது என்பதற்காக ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதுகிறேன்.

எட்டு ஆண்டுகளாக மஸ்டா எம்எக்ஸ்-5 வைத்திருந்தேன். 2 லிட்டர் எஞ்சின், 160 குதிரைத்திறன். எடை குறைவு, பராமரிப்பும் எளிது. எண்ணெயும் பிரேக் பேடும் நானே மாற்றிவிடுவேன். கார் எனக்குத் தெரியும் என்ற நினைப்பு அதில்தான் வளர்ந்தது. அதை விற்ற பணத்தோடு சேமிப்பையும் சேர்த்து, 400 குதிரைத்திறனைத் தாண்டும் இரட்டை டர்போ கார் ஒன்றை வாங்கினேன். விற்றது, பழைய கார்களைச் சோதித்துச் சான்றளித்து விற்பதாகச் சொல்லும் ஓர் இணையதளம். வழக்குப் போடும் எண்ணம் இருப்பதால் பெயரை எழுதவில்லை.

பார்க்கப் போன காலையில் முதல் வேலையாக பானெட்டின் மேல் கை வைத்தேன். சுட்டது. "உங்களுக்காகத்தான் சார், கழுவி ஒரு சுற்று ஓட்டி எடுத்து வந்தேன்" என்றார் விற்பனையாளர். குளிர்ந்த எஞ்சினை முடுக்கினால் முதல் சில நொடிகளில் டைமிங் செயினின் (வால்வுகளை இயக்கும் சங்கிலி) கடகடப்பும் நீலப் புகையும் வெளியே தெரிந்துவிடும், சூடான எஞ்சின் அவற்றை மறைத்துவிடும் என்பது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் வாய் திறக்கவில்லை. ஏனென்றால் அடுத்த நொடியே அவர் சர்வீஸ் புத்தகத்தை என் கையில் வைத்துவிட்டார். ஆறு ஆண்டுகளின் பதிவுகள், ஒன்றுகூட விடுபடாமல். "என் தம்பி கேட்டிருந்தாலும் இந்த வண்டியைத்தான் கொடுத்திருப்பேன் சார்" என்றார். அந்த இடத்தில்தான் நான் நம்பினேன்.

அந்தப் புத்தகத்தை இப்போது எடுத்துப் பார்க்கிறேன். ஆறு ஆண்டுப் பதிவுகளும் ஒரே கையெழுத்து, ஒரே நீல மை. எல்லாப் பக்கத்திலும் 7 என்ற எண்ணின் குறுக்கே அதே சின்னக் கோடு. அன்று என் கண்ணில் இது படவே இல்லை.

19 நாளில் 840 கிலோமீட்டர் ஓட்டியிருந்தேன். எஞ்சினின் அடியிலிருந்து 'டக் டக்' என்று ஒரு தட்டல் கேட்டது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் கூடவே வேகமானது. உடனே நிறுத்தி, இழுவை வண்டியில் ஏற்றி மெக்கானிக்கிடம் கொண்டு போனேன். அவர் ஆயில் ஃபில்டரை அறுத்து, உள்ளே மடிந்திருந்த காகிதத்தை விரித்து, விளக்கின் கீழ் பிடித்தார். மடிப்புக்கு மடிப்பு செம்பு நிறத் துகள்கள் மின்னின. பிஸ்டனைச் சுழலும் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங் தேய்ந்து, அந்தத் தண்டான கிராங்க் ஷாஃப்டையும் கீறிவிட்டிருந்தது. வடித்த எண்ணெய், இந்த எஞ்சினுக்குரியதைவிடக் கெட்டியானது. கெட்டி எண்ணெய் ஊற்றினால் பேரிங் தட்டும் சத்தம் கொஞ்ச நாளைக்கு அடங்கியிருக்கும் என்று அவர் விளக்கினார்.

பிறகு, காரின் கணினியில் பதிவாகும் பிழைக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனரைப் பொருத்தினார். பிழைக் குறியீடுகளை அழித்த பிறகு ஓடிய தூரம்: 851 கிலோமீட்டர். நான் ஓட்டியது 840. என் கைக்கு வருவதற்கு 11 கிலோமீட்டர் முன்பு யாரோ எல்லாவற்றையும் அழித்திருக்கிறார்கள்.

அன்றே தளத்தை அழைத்தேன். முதல் நாள், புகார் எண் கொடுத்தார்கள். இரண்டாம் நாள், சோதித்தவர் விடுப்பில் இருக்கிறார் என்றார்கள். மூன்றாம் நாள் பேசிய பெண், பேரிங் தேய்மானப் பொருள், உத்தரவாதத்தில் வராது என்றார். குறியீடுகள் அழிக்கப்பட்டதைக் கேட்டபோது, "அது எங்கள் வழக்கமான நடைமுறை" என்று பதில். ஐந்தாம் நாள், நான் வேகமாக ஓட்டியதால்தான் எஞ்சின் போனது என்று மின்னஞ்சல் வந்தது. வேகத்துக்கென்றே செய்த கார் 840 கிலோமீட்டர்கூடத் தாங்காதா? அந்தத் 'தம்பி' விற்பனையாளரோ என் எண்ணைத் தடுத்துவிட்டார். 14 மாதச் சம்பளம்! ஒரு வருத்தம்கூடத் தெரிவிக்கவில்லை.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவற்றை விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். மனம் ஒரு நிலையில் இல்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். பானெட் சூடாக இருந்தால் அன்று பார்க்காதீர்கள், இன்னொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்புங்கள். விற்பவருக்குத் தொடர்பில்லாத மெக்கானிக்கைக் கூட்டிப் போய் சிலிண்டருக்குள் அழுத்தம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் கம்ப்ரஷன் சோதனையும், அந்த அழுத்தம் எங்கே கசிகிறது என்று காட்டும் சிலிண்டர் கசிவுச் சோதனையும் செய்யுங்கள், மறுத்தால் விட்டுவிடுங்கள். ஸ்கேனரில் அந்த 'அழித்த பிறகு ஓடிய தூரம்' எவ்வளவு என்று பாருங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 2317 என்றால் 2017ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. பவர் கூடக் கூட டயர், பிரேக் டிஸ்க், கியர் எண்ணெய் என்று எல்லாமே விலை ஏறும். கையிருப்பு முழுவதையும் காரின் விலைக்கே கொட்டிவிடாதீர்கள்.

கார் இப்போது மெக்கானிக்கின் கொட்டகையில் எஞ்சின் இல்லாமல் நிற்கிறது. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே தளத்திலிருந்து ஒரு குறுஞ்செய்தி: 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு மதிப்பெண் அளியுங்கள்.'