வேர்ட்பிரஸ், ஷாப்பிஃபை, ஸ்டாட்டிக் தளம்: கொங்குத் தொழில்களுக்கு எது பொருந்தும்?

கோவையில் நான்கு பேர் சேர்ந்து நடத்தும் எங்கள் வலைத்தள வடிவமைப்புக் கூடத்துக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, எவ்வளவு செலவாகும் என்பதைத்தான். அதற்கு முன்பாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு என்பதை எங்களுக்குச் சொல்லித் தந்தவர், ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருக்கும் பெரியவர் ஒருவர். மாதிரிப் பக்கங்களைப் பொறுமையாகப் பார்த்து முடித்த பின், "எல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது தம்பி, நாளைக்குக் காலைல வெல மாறுனா இதை ஆரு மாத்தறது?" என்றார். அண்மையில் நாங்கள் முடித்துக் கொடுத்த மூன்று வேலைகளையும், அவற்றுக்குத் தேர்ந்தெடுத்த மூன்று வழிகளையும் அந்தக் கேள்வியை அளவுகோலாக வைத்தே இங்கு ஒப்பிடுகிறேன்.

மண்டியிலிருந்தே தொடங்கலாம். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரைச் சொல்லி விற்கும் மண்டிக்காரரிடம் வெளியூர் வியாபாரி எதிர்பார்ப்பது அன்றைய விலை. விரலி, கிழங்கு என்ற இரண்டு வகைக்கும் குவிண்டாலுக்குக் குறைந்த விலை, அதிக விலை என்று நான்கு எண்கள் ஏலம் நடக்கும் நாளெல்லாம் மாறும். இதற்கு, நிரல் எழுதத் தெரியாதவரும் தளத்தின் பக்கங்களைத் தாமே மாற்றிக்கொள்ள உதவும் வேர்ட்பிரஸைத் தேர்ந்தெடுத்தோம். நிர்வாகப் பக்கத்தில் உள்ள பட்டியல்களையெல்லாம் மறைத்துவிட்டு நான்கு கட்டங்களும் ஒரு பொத்தானும் மட்டுமே தெரியும்படி செய்து கொடுத்தோம். கணக்குப்பிள்ளை ஏலக் கூடத்தில் நின்றபடியே தமது கைப்பேசியில் எண்களை இட்டு வெளியிட்டுவிடுகிறார். 2003ஆம் ஆண்டில் வெளிவந்த இந்தக் கட்டற்ற மென்பொருளில்தான் உலகின் வலைத்தளங்களில் ஐந்தில் இரண்டுக்கும் மேற்பட்டவை இயங்குகின்றன. நாளை நாங்கள் தொழிலை விட்டுவிட்டாலும் அந்த வேலையை எடுத்துச் செய்ய ஈரோட்டிலேயே ஆள் கிடைப்பார் என்பதை அதன் மிகப் பெரிய பலமாக நான் கருதுகிறேன்.

அதே வேர்ட்பிரஸின் பலவீனத்தைத் திருப்பூர்ப் பின்னலாடை ஏற்றுமதியாளர் ஒருவரின் பழைய தளத்தில் பார்த்தோம். வேறொருவர் கட்டிக் கொடுத்த அந்தத் தளத்தில், கூடுதல் வசதிகளுக்காக இணைக்கும் செருகுநிரல்கள் பல ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படாமல் கிடந்தன. அந்த ஓட்டையின் வழியே யாரோ உள்ளே நுழைந்து சூதாட்ட விளம்பரப் பக்கங்களைக் குவித்திருந்தார்கள். ஐரோப்பாவிலிருந்து ஆர்டர் கொடுக்க வருகிறவர் நிறுவனத்தின் பெயரைத் தேடினால் முதலில் அவைதான் வந்து நின்றன. அவருடைய தளத்தில் இருக்க வேண்டியவையோ தொழிற்சாலைப் படங்கள், இயந்திரங்களின் விவரம், சான்றிதழ்கள் ஆகியவை மட்டுமே. இயற்கை முறையில் விளைந்த பருத்தி போன்ற இழைகளாலான துணிக்குத் தரும் ஜிஓடிஎஸ் போன்ற சான்றிதழ் ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்கப்படுவது; மற்றவை அவ்வளவுகூட மாறுவதில்லை. ஆகவே தரவுத்தளமோ உள்நுழைவுப் பக்கமோ இல்லாத, முன்பே எழுதி வைத்த பக்கங்கள் மட்டுமே கொண்ட ஸ்டாட்டிக் தளமாகக் கட்டினோம். முதன்மையான உள்ளடக்கம் இரண்டரை வினாடிக்குள் திரையில் தெரிய வேண்டும் என்று கூகுள் வைத்திருக்கும் அளவை அது சிரமமின்றி எட்டுகிறது. தொலைபேசி எண்ணை மாற்றுவதற்குக்கூட எங்களுக்கு மின்னஞ்சல் எழுத வேண்டும் என்பது இதன் குறை. திருப்பூர்க்காரருக்கு அது பொருட்டில்லை. மண்டிக்கு இதைக் கொடுத்திருந்தால் ஒரே வாரத்தில் பழைய விலையோடு செத்துக் கிடந்திருக்கும்.

எங்களுக்குள் உண்மையான வாக்குவாதம் நடந்தது சென்னிமலைக் கடைக்காகத்தான். கைத்தறிப் போர்வைகளை நேரடியாக விற்கும் அந்தக் கடையை நடத்துபவர் ஒரே ஒரு பெண்மணி. கனடாவில் 2006ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஷாப்பிஃபை, இணையத்தில் ஒரு வாடகைக் கடை: மாதச் சந்தா நின்றால் கடையும் மூடப்படும். அதன் சொந்தப் பணம் பெறும் சேவை இந்தியாவில் இல்லாததால் வேறொரு நிறுவனத்தின் வழியாகவே பணம் பெற வேண்டியிருக்கிறது, அந்த நிறுவனத்துக்கும் தனியே கட்டணம் உண்டு. வேர்ட்பிரஸோடு இணைந்து அதையே கடையாக்கும் செருகுநிரலான வூகாமர்ஸுக்கு இந்த வாடகை இல்லை என்பதால் நான் அதற்காகவே வாதாடினேன். ஆனால் பகலெல்லாம் தறிக்காரர்களோடு பேசி, மாலையில் தாமே பார்சல் கட்டும் ஒருவர், இரவில் உட்கார்ந்து செருகுநிரல்களைப் புதுப்பித்துக்கொண்டிருக்க முடியாது என்று என் கூட்டாளி சொன்னது சரி. இருப்பு, ஆர்டர், பணம் எல்லாம் ஒரே செயலியில் வந்துவிடுவதால் ஷாப்பிஃபையே முடிவானது. பொருட்பட்டியலையும் படங்களையும் மாதந்தோறும் தம் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ள அவருக்குப் பழக்கிவிட்டோம். வாடகை வீட்டில் இருப்பவர் தம் பாத்திரங்களைத் தாமே வைத்திருக்க வேண்டும்.

தமிழைக் கையாளுவதில் மூன்றுக்கும் உள்ள வேறுபாடு பெரிது. விலைக்கு வரும் தீம்கள், அதாவது தளத்துக்கான ஆயத்தத் தோற்றங்கள், பெரும்பாலும் ஆங்கிலத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டைகள். "கூடையில் சேர்க்கவும்" என்ற சொற்கள் அவற்றின் பொத்தானுக்குள் அடங்காமல் உடைந்து விழும், வரிகள் நெருங்கினால் மேல்வரியின் உகரக் கொக்கி கீழ்வரியின் புள்ளியில் முட்டும். ஸ்டாட்டிக் தளத்தில் ஒவ்வொரு வரியும் எங்கள் கையில் இருப்பதால் இதைச் சீராக்குவது எளிது. வேர்ட்பிரஸில் கொஞ்சம் போராட வேண்டும். ஷாப்பிஃபையின் சாதாரணத் திட்டங்களிலோ பணம் செலுத்தும் பக்கத்தின் தோற்றத்தில் கை வைக்க அதிக இடமில்லை. கோவையில் செம்மொழி மாநாடு நடந்த 2010 ஜூன் மாதத்தில்தான் தமிழக அரசு, எந்தக் கணினியிலும் எழுத்து ஒன்றுபோலவே படிக்கக் கிடைக்கச் செய்யும் ஒருங்குறியை (யூனிகோடு) தரமாக ஏற்கும் ஆணையைப் பிறப்பித்தது. இருந்தும், மண்டியின் பழைய துண்டறிக்கைகள் அச்சகத்திலிருந்து பழைய எழுத்துருக் குறியேற்றத்திலேயே எங்களுக்கு வந்தன. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றிப் பிழை திருத்துவதற்கே இரண்டு நாட்கள் பிடித்தன.

எந்த வழியில் கட்டினாலும் படங்களை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதில் தளத்தின் மதிப்பு பாதி அடங்கியிருக்கிறது. இணையத்தில் விலைக்குக் கிடைக்கும் மஞ்சள் படம் மரக் கிண்ணத்தில் குவித்த தூளாகத்தான் இருக்கும். வியாபாரியோ விரலியை ஒடித்து உள்நிறத்தைப் பார்த்த பிறகே விலை சொல்வார். எனவே ஒடித்த விரலியின் முகத்தை அருகில் வைத்து எடுத்த படத்தையே முகப்பில் போட்டோம். போர்வைகளைப் பெருந்துறையைச் சேர்ந்த கல்யாணப் புகைப்படக்காரர் ஒருவர், பழைய தொட்டிக்கட்டு வீட்டு ஆசாரத்தில், அதாவது முற்றத்தை ஒட்டிய கூடத்தில், காலை வெளிச்சம் விழும் இடத்தில் விரித்து எடுத்துக் கொடுத்தார். படத்தில் ஒரு நிறமும் கையில் ஒரு நிறமுமாக இருக்கிறதென்று திருப்பியனுப்புவது அதன் பிறகு குறைந்தது. அந்தக் கடையின் பெயரை எழுதியவர், திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டிகளுக்குப் பெயர் எழுதிவந்த ஓவியர். அவர் தூரிகையால் ஒற்றின் புள்ளியை முழு வட்டமாக இடாமல் சற்றுச் சாய்த்து முடிக்கும் விதத்தை எந்த எழுத்துருவிலும் நான் பார்த்ததில்லை. ஃபிளக்ஸ் பலகை வந்த பிறகு வேலை குறைந்துபோன இத்தகைய கைகளையும், திருப்பூர் நிஃப்ட்-டீ போன்ற ஆடை வடிவமைப்புக் கல்லூரிகளிலிருந்து படித்துவிட்டு வரும் பிள்ளைகளையும் ஒரே மேசையில் உட்கார வைப்பது, கூடுதல் செலவானாலும், வாங்கிய படத்தையும் வாங்கிய தீம் ஒன்றையும் ஒட்டுவதைவிடப் பல மடங்கு மேலானது.

மூன்று வழிகளுக்கும் பொதுவான எச்சரிக்கை ஒன்று உண்டு: டொமைன் பெயர், அதாவது தளத்தின் இணைய முகவரி, உரிமையாளரின் பெயரிலும் அவருடைய மின்னஞ்சலிலுமே பதிவாக வேண்டும். திருப்பூர்க்காரரின் பழைய டொமைன், தளத்தைக் கட்டியவர் பெயரில் இருந்ததால், அதை மீட்பதற்குத் தளம் கட்டுவதைவிட அதிக நாட்கள் ஆயின.

இப்போது பவானியிலிருந்து ஜமக்காளம் நெய்யும் குடும்பம் ஒன்று வந்திருக்கிறது. ஒரே தறி, நெய்ததும் விற்றுவிடுகிறது, வீட்டுக்கு ஒரு கைப்பேசி. அவர்களுக்கு இந்த மூன்றில் எதையும் நாங்கள் பரிந்துரைக்கவில்லை. வாட்ஸப் பிசினஸில் இலவசமாகக் கிடைக்கும் பொருட்பட்டியலைத் தொடங்கிக் கொடுத்து, புகைப்படக்காரரை மட்டும் ஒரு நாள் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறோம்.