ஆன்லைனில் மினி ரோஸ் வாங்கப் போறீங்களா? 2,400 ரூபாய் தொலைத்தவள் சொல்கிறேன்

காலையிலிருந்து ஆத்திரம் அடங்கவில்லை, கோர்வையாக வராது, பொறுத்துக்கொள்ளுங்கள். ரோஜாச் செடி கூரியரில் அனுப்பும் ஒரு ஆன்லைன் பக்கத்தில் ஆறு செடிக்கு 2,400 ரூபாய் கட்டி ஏமாந்துவிட்டேன்.

நான் கேட்டது ஸ்வீட் ஃபேரி. நெதர்லாந்துக்காரர் யான் டி விங்க் 1946-ல் கொண்டுவந்த மினியேச்சர் ரகம். செடி ஒரு சாண்தான் வரும், பூ ஒரு அங்குலம், வெளிர் ரோஸ் நிறம், அந்தத் துளிப் பூவுக்குள் இதழ்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். ரெண்டு வருஷமாகத் தேடிய செடி.

நான் நம்பியதற்குக் காரணம் அந்தப் பக்கத்தில் செடி விற்கும் ஆள் கேட்ட ஒரே கேள்வி. "அக்கா, மாடியில போர் தண்ணியா, மெட்ரோ தண்ணியா?" என்று வாய்ஸ் மெசேஜ் போட்டார். தண்டையார்பேட்டையில் எங்கள் தெரு போர் தண்ணீர் உப்பு, ஊற்றினால் ரோஜா இலை ஓரமெல்லாம் கருகும். இதைத் தெரிந்து கேட்கிறவர் செடி வளர்க்கிறவராகத்தான் இருப்பார் என்று நினைத்தேன். "ஒட்டு கிடையாதுக்கா, எல்லாம் சொந்த வேர்" என்றார், அதாவது வேறு ரோஜாவின் வேரில் ஒட்டியதில்லை, தன் வேரிலேயே வளர்ந்த செடி. உடனே பணம் போட்டேன், 2,400, மொத்தமும் முன்பணமாக.

பெட்டி வந்தது. பத்தாம் நாள் நாலு செடி வாடியது. ஒன்றின் தண்டை லேசாகத் தொட்டு இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. அடியில் வேரே இல்லை, கத்தியால் சாய்வாகச் சீவிய வெட்டு மட்டும், அதைச் சுற்றி ஈர செம்மண். நாலும் அப்படித்தான், குச்சியை வெட்டிக் கவரில் சொருகி அனுப்பியிருக்கிறார்கள். மிச்ச ரெண்டும் இன்று காலை பூத்தன, அடர் ரோஸ் நிறத்தில். தெருவில் தள்ளுவண்டியில் ஐம்பது ரூபாய்க்கு வரும் அதே பட்டன் ரோஸ்.

போட்டோ அனுப்பினேன். முதலில் "கூரியர் ஷாக்க்கா, நிழல்ல வைங்க" என்றார். நிறத்தைக் கேட்டால் சென்னை வெயிலுக்கு அடர்த்தியாகத்தான் வருமாம். வெயிலில் வெளிர் ரோஸ் இன்னும் வெளுக்குமே தவிர எங்கேயாவது அடர்த்தியாகுமா? அப்புறம் "பெட்டி பிரிச்ச வீடியோ இருக்கா?" என்றார். இல்லை. அதோடு பிளாக்.

இப்படி வாங்குகிறவர்களுக்கு விவரமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. பெட்டி பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள், ஒரு செடியையாவது கவரைக் கிழித்து வேர் பாருங்கள், பூ இல்லாத செடிக்கு ரகப் பெயரை நம்பி முழுப் பணம் போடாதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லியிருக்கிறேன். 2,400 ரூபாய், வீட்டில் இன்னும் சொல்லவில்லை. அந்த நாலு குச்சியையும் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறேன், கேட்டால் காட்டணும்.