அசெம்பிள்டு பிசி – 1 செட்

கோத்தகிரியில ஒரு டீ ஃபேக்டரி ஆபீஸ்ல கணக்கு எழுதுற வேலை எனக்கு. இலை போட வர்றவங்க சீட்டுல கிலோ சரியா இருக்கா, ஈரத்துக்கு எவ்வளவு கழிச்சிருக்கு, போன மாச அட்வான்ஸைப் பிடிச்சாச்சான்னு பார்த்துப் பார்த்தே கண்ணு பூத்துப் போச்சு. அரை கிலோ விட்டுப்போனாலும் அன்னைக்கே கேட்டு வந்து நிப்பாங்க. அப்படிப்பட்ட இடத்துல உக்காந்திருக்கிற நானே 62,500 ரூபாயைக் கொடுத்துட்டு, ஒரே ஒரு வரி எழுதின சீட்டை மடிச்சு பர்ஸ்ல வெச்சுக்கிட்டு மலையேறி வந்தேன். அந்த வரி இதுதான்: "அசெம்பிள்டு பிசி – 1 செட்."

கேமிங் பிசி வாங்க கோயம்புத்தூருக்கு பஸ் ஏறப்போற நம்ம ஊர்ப் பிள்ளைங்களும், அவங்களுக்குக் காசு கொடுக்கப்போற அப்பா, அம்மா, அக்காமாரும் படிக்கணும்னுதான் இதை எழுதுறேன். கடை பேரைச் சொல்லப் போறதில்ல. காந்திபுரம் பக்கம்னு மட்டும் வெச்சுக்கோங்க.

தம்பி காலேஜ் முதல் வருஷம். ஆறு மாசமா வீடியோ பார்த்துப் பார்த்து ஒரு பட்டியல் போட்டு வெச்சிருந்தான். ரைசன் 5 5600 பிராசசர், பி550 போர்டு (எல்லாத்தையும் சொருகுற மதர்போர்டு), 8 ஜிபி ரேம் ரெண்டு குச்சி, ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு (கேம் படத்தைத் திரைக்குக் கொடுக்கிற கிராபிக்ஸ் கார்டு) 12 ஜிபி, 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, 550 வாட் எஸ்எம்பிஎஸ் (உள்ள எல்லாத்துக்கும் கரண்டைப் பிரிச்சுக் கொடுக்கிற டப்பா), 80 பிளஸ் பிரான்ஸ்னு வெண்கலத் தர முத்திரையோட. எனக்கு இதுல ஒண்ணும் புரியல, ஆனா பையன் சும்மா எழுதலைன்னு தெரிஞ்சுது. புதுசா வந்த ஏஎம்5 பிராசசர் எதுக்கு வேண்டாம்னு கேட்டேன். அதுக்கு போர்டும் புதுசு வேணும், ரேமும் டிடிஆர்5தான் போகும், டிடிஆர்4 ரேமை அதுல சொருகவே முடியாது, மொத்தத்துல பட்ஜெட் எகிறிடும்னு சொன்னான். பழைய பி450 போர்டு விலை கம்மியாச்சேன்னேன். அது 2018ல வந்தது, இந்த பிராசசர் 2022ல வந்தது, பயாஸ் (போர்டை எழுப்பி விடுற உள் புரோகிராம்) அப்டேட் பண்ணாத பழைய ஸ்டாக் கையில வந்தா டிஸ்ப்ளேயே வராதுன்னான். வீட்டுப்பாடம் எல்லாம் முடிச்சுத்தான் போனோம். ஏமாந்தது தெரியாத விஷயத்துல இல்ல.

பட்டியலை முன்னாடியே வாட்ஸ்அப்ல அனுப்பியிருந்தோம். "ரெடி மேடம், வாங்க"ன்னு பதில் வந்துச்சு. போனா, எல்லாத்தையும் பூட்டி, கண்ணாடி மூடி, கலர் லைட்டு எரிய விட்டு மேசை மேல வெச்சிருந்தாங்க. தம்பி முகத்துல அந்த லைட்டு எல்லாக் கலர்லயும் அடிச்சுது. அப்பவே நான் தோத்துட்டேன்.

"பெட்டியெல்லாம் எங்க?"ன்னு தம்பிதான் கேட்டான். "பஸ்ல போறீங்க, இடம் அடைக்கும் தம்பி. நாங்க பத்திரமா வெச்சிருக்கோம், வாரண்டி வந்தா இங்கதானே வரப்போறீங்க"ன்னாரு கவுண்டர்ல இருந்தவர். அப்புறம் என் பக்கம் திரும்பி, "சிஸ்டர், பில்லா போடட்டுமா, எஸ்டிமேட்டா போடட்டுமா? பில்லுன்னா 18 பர்சன்ட் ஜிஎஸ்டி, 73 ஆயிரத்தைத் தாண்டிடும்."

நான் எஸ்டிமேட்னு சொல்லிட்டேன். கணக்கெழுதுற பொம்பளை. ஆன்லைன்ல நாங்க பார்த்துக் கூட்டின விலையெல்லாமே வரி சேர்த்த விலைதான்னு வீட்டுக்கு வந்து யோசிச்சப்பதான் உறைச்சுது. நான் மிச்சம் பிடிச்சது ஒண்ணுமில்ல, வாரண்டியைத்தான் விட்டேன். கார்டு கம்பெனியோ எஸ்எஸ்டி கம்பெனியோ, சர்வீஸுக்குப் போனா முதல்ல கேக்கிறது ஜிஎஸ்டி பில்லு. சீரியல் நம்பர் இல்லாத துண்டுச் சீட்டை அங்க யாரும் கையில கூட வாங்க மாட்டாங்க.

மேட்டுப்பாளையத்துல பஸ் மாறி, ரெண்டு பேருக்கும் நடுவுல கேபினட்டை உக்கார வெச்சு டிக்கெட் எடுத்தோம். குஞ்சப்பனை தாண்டினதுல இருந்து ஒவ்வொரு வளைவுக்கும் உள்ள ஏதோ 'கடக்'னு ஆடுச்சு. கார்டை ஒரே ஒரு திருகாணியில நிப்பாட்டியிருந்தாங்கன்னு பின்னாடி தெரிஞ்சுது. மலைக்குக் கொண்டு வர்றவங்க கார்டை மட்டும் கழட்டித் தனியா துணியில சுத்தி எடுத்துட்டு வாங்க, வீட்ல வந்து மாட்டிக்கலாம். அது கனமான சாமான், கொண்டை ஊசி வளைவுல ஸ்லாட்டையே பேத்துடும்.

முதல் வாரம் நல்லாத்தான் ஓடுச்சு. படம் பார்த்தா ஓடும், காலேஜ் வேலை செஞ்சா ஓடும். கேம் போட்டா மட்டும் பத்து நிமிஷத்துல பட்டுனு அணைஞ்சு திரும்ப ஆன் ஆகும். நீலத் திரை கிடையாது, எரர் கிடையாது, யாரோ சுவிட்சைத் தட்டின மாதிரி. தம்பி விண்டோஸை ரெண்டு தடவை அழிச்சுப் போட்டான். கடைக்கு போன் பண்ணோம். பதில் தயாரா இருந்துச்சு: "உங்க ஊர்ல கரண்ட் சரியில்லைங்க மேடம். அதுவும் மலை, ஈரப்பதம் ஜாஸ்தி. ஸ்டெபிலைசர் போடுங்க."

கீழ எதை வாங்கினாலும் இந்தப் பேச்சுதான். மிக்சி ரிப்பேரானா மலை, டிவி ரிப்பேரானா ஈரம். ஆடி மாசம் காத்துல மரம் விழுந்து ரெண்டு நாள் கரண்ட் போகும், அது உண்மை. அதுக்காகக் கேம் போடும்போது மட்டும் கரெக்டா கரண்ட் கெட்டுப்போகுமா? அதைக் கேட்டா, "யுபிஎஸ் ஒண்ணு இருக்கு, அனுப்பி வைக்கட்டுமா"ன்னு அடுத்த வியாபாரம்.

மூணாவது வாரம் ஒரு ராத்திரி ரூமுக்குள்ள பிளாஸ்டிக் கருகின நாத்தம். தம்பி பிளக்கைப் பிடுங்கிட்டு "அக்கா"ன்னு கத்தினான்.

மறுநாள் எங்க ஃபேக்டரி எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூட்டிட்டு வந்தேன். காரமடைக்காரர், 30 வருஷமா ரோலர் மோட்டாரும் டிரையர் ஃபேனும் பார்க்கிறவர். கம்ப்யூட்டர் தெரியாதும்மான்னு சொல்லிட்டே வந்தார். பிளக்குல மீட்டரை வெச்சுப் பார்த்தார், 230 வோல்ட்டை ஒட்டித்தான் காட்டுச்சு. "உங்கூட்டு கரண்டுக்கு ஒண்ணுமில்ல அம்மிணி, பொட்டியைக் கழட்டு" என்றார்.

உள்ள கார்டுக்குப் போற 8 பின் வயர் எஸ்எம்பிஎஸ்ல இருந்து நேரா வரல. பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் போடுற நாலு முள்ளு கனெக்டர்ல ஒரு கன்வெர்ட்டரை மாட்டி, அதை இழுத்துக் கார்டுல சொருகியிருந்தாங்க. அந்த நாலுல மஞ்சள் வயர் போற ஓட்டை மட்டும் கருகி, வெள்ளை பிளாஸ்டிக் வெல்லப்பாகு மாதிரி வழிஞ்சு இறுகியிருந்துச்சு. எஸ்எம்பிஎஸ்ஸைக் கழட்டிக் கையில தூக்கிப் பார்த்தவர் சிரிச்சுட்டார். "இதென்னது, காலி டப்பாவாட்டம் இருக்குது." மேல ஸ்டிக்கர்ல பெருசா 500 வாட்னு போட்டிருந்துச்சு. அவர் அதைப் பார்க்கவே இல்ல. பக்கத்துல பொடி எழுத்துல இருந்த கட்டத்தைத் தேடினார். "வாட்டாவது வாழைக்காயாவது, ஆம்பியரைப் பாரு அம்மிணி. 12 வோல்ட்டுக்கு 18 ஆம்பியர்." என் கையில இருந்த இலைச் சீட்டைத் திருப்பிப் போட்டு நானே பெருக்கினேன். 216 வாட்.

விஷயம் இதுதான். பிராசசரும் கார்டும் தின்கிற கரண்ட் ஏறக்குறைய முழுசும் அந்த 12 வோல்ட் வழியாத்தான் வரும். 3060 கார்டு மட்டுமே 170 வாட், பிராசசர் பேருக்கு 65 வாட். கூட்டினா 235. கேம் நடுவுல சட்டுனு ஏறுற கரண்ட் இதுக்கும் மேல. கார்டு கம்பெனியே 550 வாட் எஸ்எம்பிஎஸ் வேணும்னு சொல்லுது. ஒழுங்கான 550 வாட் சாமான்ல அந்தக் கட்டத்துல 40 ஆம்பியருக்கு மேல எழுதியிருக்கும். எங்களுக்குக் கிடைச்சது கேபினட் கூடவே சும்மா வர்ற டப்பா. அணைஞ்சு அணைஞ்சு அது தன்னைக் காப்பாத்திக்கிட்டு இருந்திருக்கு. ஒருநாள் முடியல.

அப்புறம்தான் எனக்குள்ள இருந்த கணக்குப்பிள்ளை முழிச்சா. பட்டியலை ஒரு கையில வெச்சுக்கிட்டு, தம்பியை சிபியு-இசட், ஜிபியு-இசட் ரெண்டையும் போடச் சொன்னேன். ரெண்டுமே காசில்லாம கிடைக்கிறது, சாமானோட உண்மையான பேரைக் காட்டிக் கொடுத்துடும்.

ரைசன் 5 5600 கேட்டோம், உள்ள இருந்தது 5500. ரெண்டும் ஆறு கோர்தான், ஒரே சாக்கெட்தான், போர்டுல அச்சா உக்காரும். ஆனா 5600ல எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளயே இருக்கிற குட்டி மெமரி) 32 எம்பி, 5500ல 16தான். அதுமட்டுமில்ல, 5500க்கு பிசிஐஇ 4.0 (கார்டுக்கும் பிராசசருக்கும் நடுவுல டேட்டா போற வேகப் பாதை) கிடையாது, 3.0 மட்டும். அந்த 4.0வுக்காகத்தான் பி550 போர்டுக்கு அதிகம் கொடுத்தோம். அகல ரோடு போட்டுட்டு மாட்டு வண்டியை ஓட்டின கதை. ரேம், 8 ஜிபி ரெண்டு கேட்டதுக்கு 16 ஜிபி ஒரே குச்சி. மொத்தம் சரிதானேன்னு கேப்பாங்க. ரெண்டு குச்சின்னா ரெண்டு சேனல்ல ஓடும், கேம்ல அந்த வித்தியாசம் தெரியும். டாஸ்க் மேனேஜர்ல மெமரி பக்கத்தைத் திறந்தாலே எத்தனை ஸ்லாட்ல ரேம் இருக்குன்னு போட்டிருக்கும்.

கார்டுதான் ரொம்ப நுணுக்கம். பேர் ஆர்டிஎக்ஸ் 3060தான், அதுல பொய்யில்ல. ஆனா 12 ஜிபி, 192 பிட் (கார்டு மெமரிக்குப் போற பாதையோட அகலம்) இல்ல. அதே பேர்ல பின்னாடி வந்த 8 ஜிபி, 128 பிட். பெட்டி மேல 8 ஜிபின்னு கொட்டை எழுத்துல இருந்திருக்கும். பெட்டி ஏன் "பத்திரமா" கடையிலயே இருந்துச்சுன்னு இப்ப புரியுதா?

கருகின கனெக்டரோட போட்டோ, ஜிபியு-இசட் படம், வாட்ஸ்அப்ல அவங்க "ரெடி மேடம்"னு போட்டது, ஜிபேல பணம் போன விவரம், எல்லாத்தையும் சேர்த்து அனுப்பிட்டு போன் பண்ணேன்.

"நீங்க 3060 கேட்டீங்க, 3060 கொடுத்தோம்."

"பட்டியல்ல 12 ஜிபின்னு இருக்குங்களே."

"சீட்டுல இல்லையே சிஸ்டர். சீட்டுல ஒரு செட்டுன்னுதானே இருக்கு."

அந்த நிமிஷம் ஈரத்துக்குக் கழிச்சதைக் கேட்டு வர்றவங்க ஞாபகம் வந்துச்சு எனக்கு. சீட்டுல இருக்குங்களேன்னு நானும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன்.

நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிட்டேன். தமிழ்லயே பேசலாம். 2019ம் வருஷச் சட்டப்படி கடை இருக்கிற ஊருக்குப் போக வேண்டியதில்ல, நாம குடியிருக்கிற மாவட்டத்துலயே வழக்குப் போடலாம். வாங்கின சாமான் 5 லட்சத்துக்குள்ளன்னா கட்டணமும் கிடையாது. அப்ப எனக்கு ஊட்டிக்குப் போனா போதும். இதை அப்படியே கடைக்காரர்கிட்ட ஒப்பிச்சேன். ஜிஎஸ்டி இல்லாம எஸ்டிமேட் எழுதிக் கொடுத்ததும் அங்க வெளிய வருமேன்னு சேர்த்துச் சொன்னேன். நானும் தெரிஞ்சுதான் அதை வாங்கினேன்னு குத்தத்தான் செஞ்சுது, ஆனா வேற ஆயுதம் என்கிட்ட இல்ல. ரெண்டு நாள் கழிச்சு அவரே கூப்பிட்டார். ஒரு நாள் லீவு போட்டு, திரும்பக் கீழ இறங்கி, கடையில நின்னு என் கண்ணு முன்னாடி மாத்த வெச்சேன். எஸ்எம்பிஎஸ் பெட்டியோட வந்துச்சு, 80 பிளஸ் பிரான்ஸ், கார்டுக்குத் தனி 8 பின் வயரோட. ரேம் ரெண்டு குச்சியாச்சு. பிராசசரையும் மாத்திட்டாங்க. கார்டு மட்டும் "ஸ்டாக் இல்ல, வந்ததும் சொல்றோம்." இன்னைக்கு வரைக்கும் சொல்லல.

போறவங்களுக்கு ரெண்டு விஷயம். பூட்டி வெச்ச மிஷினை வாங்காதீங்க. பெட்டியைப் பிரிக்கிறதையும் மாட்டுறதையும் பக்கத்துல நின்னு பாருங்க, ரெண்டு மூணு மணி நேரம் ஆகும், மேட்டுப்பாளையம் கடைசி பஸ் நேரத்தைப் பார்த்துக் காலையிலயே போயிடுங்க. பில்லுல ஒவ்வொரு சாமானும் தனி வரியில, மாடல் நம்பர், சீரியல் நம்பரோட வரணும். அந்த நம்பரும் பெட்டி மேல இருக்கிற நம்பரும் ஒண்ணான்னு நீங்களே வாசிச்சுப் பாருங்க. முகம் சுளிப்பாங்க. சுளிக்கட்டும்.

இப்ப கேம் அணையாம ஓடுது. தம்பிக்குச் சந்தோஷம்தான். நான்தான் 12 ஜிபிக்குக் காசு கொடுத்தவ. மாசம் பிறந்தா முதல் தேதி கடைக்கு ஒரு மெசேஜ் போடுறேன், "கார்டு ஸ்டாக் வந்துச்சுங்களா?" ரெண்டு நீல டிக் விழுது.