குதிரைவாலிப் புல்லுக்கு மூன்றாம் நாள் மருந்தா, இருபதாம் நாள் மருந்தா?

நெல்லோடு நெல்லாக நிற்கும் களை குதிரைவாலிப் புல். நடவு வயலில் நாற்றுக்கு அந்தக் களையைவிட மூன்று வார வயது கூடுதல். நட்ட சில நாளிலேயே தண்ணீரும் கட்டிவிடலாம், ஐந்து சென்டிமீட்டர் தண்ணீருக்கு அடியிலிருந்து குதிரைவாலிப் புல் எளிதில் எழும்பாது. சேற்றில் முளைகட்டிய விதையைப் போடும் வயலில் இந்த இரண்டு அனுகூலமும் கிடையாது. நெல்லும் புல்லும் ஒரே வாரத்தில் தலைகாட்டும். தண்ணீர் கட்டினால் நெல் முளை அழுகும், கட்டாவிட்டால் புல் எழும்பும். வெயில் ஏற ஏற நெல்லைவிட வேகமாக வளரும் இனம் இது. எனவே நேரடி விதைப்புக்குப் போகிறவர் களைக்கொல்லியை விதைக்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

பெரும்பாலும் இழுபறி இரண்டுக்கு இடையில்தான்: விதைத்த 3, 4ஆம் நாளில் போடும், சேஃப்னர் (நெல்லை மருந்திலிருந்து காக்கும் பொருள்) கலந்த பிரெட்டிலாகுளோர், களை முளைத்த பிறகு இருபதாம் நாள் வாக்கில் தெளிக்கும் பிஸ்பைரிபேக் சோடியம். நான் பிரெட்டிலாகுளோர் பக்கம்.

முதலில் அடையாளம். இளம்பயிரில் நெல்லையும் குதிரைவாலியையும் நிறத்தை வைத்துப் பிரிக்கப் பார்த்தால் ஏமாந்துபோவோம். மூன்று இலை வந்த செடியில் ஓர் இலையைத் தண்டிலிருந்து மெல்ல விலக்கி, இலையும் உறையும் சேரும் இடத்தைப் பாருங்கள். நெல்லில் அங்கே நாக்குப் போன்ற வெள்ளைச் சவ்வும், பக்கத்தில் ரோமம் உள்ள இரண்டு சிறு காதுகளும் இருக்கும். குதிரைவாலிப் புல்லில் இரண்டுமே இருக்காது, அந்த இடம் வழுவழுவென்று இருக்கும். அடித்தண்டு சற்றுத் தட்டையாக, பல நேரம் செம்மை படர்ந்து இருக்கும். நடுநரம்பு வெளிறித் தெரியும். இரண்டு இனங்கள் வரும். ஒன்று தாழ்ந்து படர்ந்து தூர் கட்டும், அதன் கதிரில் மீசை இருக்காது. மற்றது நெல்லுக்கு மேல் நிமிர்ந்து வளரும், பெரும்பாலும் மீசையோடு கதிர் தள்ளும். மருந்து இரண்டுக்கும் ஒன்றுதான்.

பிரெட்டிலாகுளோர் வாங்கும்போது நடக்கும் தவறு ஒன்று பயிரையே அழித்துவிடும். கடையில் இரண்டு வகை இருக்கும். 50 ஈசி நடவு வயலுக்கானது (எண் மருந்தின் சதவீதம், ஈசி என்றால் தண்ணீரில் பால்போல் கலக்கும் திரவம்). 30.7 ஈசியில் ஃபென்குளோரிம் என்ற சேஃப்னர் சேர்ந்திருக்கிறது, விதைப்பு வயலுக்கு இதுதான். இந்தச் சேஃப்னர் நெல் முளைக்குள் போய், மருந்தைச் சிதைக்கும் வேலையை முடுக்கிவிடுகிறது. வேர் விட்டிருந்தால்தான் முளை அதை உறிஞ்சும். அதனால்தான் முளைகட்டிய விதை கட்டாயம். பெயர் ஒன்றுதானே என்று 50 ஈசியை விதைப்பு வயலில் ஊற்றினால் களையோடு நெல்லும் போகும். பாட்டிலில் பெயருக்குக் கீழே உள்ள எண்ணைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

அளவு ஏக்கருக்கு 600 மில்லி, 200 லிட்டர் தண்ணீரில். விசிறி நாசில் போட்டு, பின்பக்கமாக நடந்து தெளிப்பது நல்லது, தெளித்த இடத்தை மிதித்துக் கலக்காமல் இருக்கலாம். இந்த மருந்து மண்ணின் மேல் ஒரு மெல்லிய படலமாக நின்று, அதைத் துளைத்து மேலே வரும் குருத்தைத்தான் கொல்கிறது. ஏற்கெனவே இரண்டு இலை விட்ட புல்லை ஒன்றும் செய்யாது. எனவே கடைசிப் பரம்புக்கும் (பலகை இழுத்துச் சேற்றை மட்டமாக்குவது) விதைப்புக்கும் நடுவில் ஒன்றிரண்டு நாளுக்கு மேல் விடாதீர்கள். ஐந்தாறு நாள் காத்திருந்து விதைத்தால், மருந்து போடும் நாளில் புல் படலத்தைத் தாண்டி நிற்கும். பிறகு மருந்து போலி என்று கடைக்காரரிடம் சண்டை போட்டுப் பயனில்லை.

இந்த மருந்தின் வெற்றி தோல்வி முழுக்கத் தண்ணீரில் இருக்கிறது. தண்ணீர் என்றால் நிலத்தின் மட்டம். தெளிக்கும்போது வயல் சேறாக, மேலே கண்ணாடிபோல் ஒரு மெல்லிய நீர் மட்டும் இருக்க வேண்டும். தெளித்த பின் இரண்டு மூன்று நாள் மடையைத் திறக்கக் கூடாது, வடிக்கவும் கூடாது. மேடான திட்டு காய்ந்து வெடிப்பு விட்டால் படலம் அங்கே அறுந்துபோகும். பதினைந்தாம் நாள் பார்த்தால் புல் வயல் முழுக்க இருக்காது, அந்தத் திட்டுகளில் மட்டும் பாய் விரித்ததுபோல் நிற்கும். பள்ளத்தில் கதை தலைகீழ். தண்ணீரும் மருந்தும் அங்கே தேங்கி, மூன்று நாள் முளை மூழ்கி, நெல் சொட்டையாகும். ஆக, ஒரே வயலில் மேட்டில் களை, பள்ளத்தில் பயிரில்லை என்றால், இரண்டுக்கும் காரணம் பரம்பு சரியாக அடிக்காததுதான். ஆள் வைத்துப் பலகை இழுத்தாலும் சரி, லேசர் கருவி கிடைத்தால் உழவுக்கு முன் காய்ந்த நிலத்தில் ஓட்டினாலும் சரி, அந்தச் செலவைத் தவிர்க்க வழியில்லை. பெரிய வயலை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர முடியாதென்றால் குறுக்கே சிறு வரப்பு போட்டு இரண்டாக்குங்கள்.

மழை இந்த மருந்தின் பலவீனம். குறுவையில் தண்ணீரை மடையில் பிடித்து வைக்கலாம். ஐப்பசி மழையில் தெளித்த அன்றே வயல் வழிந்தால் மருந்தும் வரப்பைத் தாண்டிப் போய்விடும். அந்தப் பருவத்தில் விதைக்கிறவருக்கு என் சாய்வை அப்படியே பரிந்துரைக்க மாட்டேன்.

பிஸ்பைரிபேக் சோடியம் 10 எஸ்சி (தண்ணீரில் கலக்கும் குழம்பு வடிவம்) ஏக்கருக்கு 80 முதல் 100 மில்லி. பத்து லிட்டர் டேங்குக்கு 8 மில்லி வீதம் 12 டேங்க் என்றால் கணக்குச் சரியாக வரும். தண்ணீரை வடித்து, களையின் இலை வெளியே தெரியும்படி தெளிக்க வேண்டும். இரண்டு மூன்று நாள் கழித்து மறுபடி தண்ணீர் கட்டி ஒரு வாரம் நிறுத்த வேண்டும். வடிக்கவும் கட்டவும் வசதி இல்லாத கடைமடை வயலுக்கு இது சிரமம். குதிரைவாலியோடு சில கோரைகளையும் அகன்ற இலைக் களைகளையும் சேர்த்து அடிக்கிறது, அது பெரிய நன்மை. செவ்வண்ணத்தில் நுண்மையான கதிர் விரிக்கும் லெப்டோகுளோவா புல்லை இது சரியாகக் கொல்லாது. அந்தப் புல் மிகுந்த வயலுக்கு சைஹாலோஃபாப் பியூட்டைல் 10 ஈசி, ஏக்கருக்கு 300 முதல் 320 மில்லி பொருத்தம். அதோடு அகன்ற இலைக் களைக்கான 2,4-டி மருந்தைக் கலக்க வேண்டாம், புல்லின் மீதான வீரியம் குறைந்துவிடும்.

பிஸ்பைரிபேக்கில் நாளை எண்ணாமல் இலையை எண்ணுங்கள். களை இரண்டு முதல் நான்கு இலைக்குள் இருக்க வேண்டும். இருபதாம் நாள் என்று பேச்சுக்குச் சொன்னாலும், கோடை வெயிலில் பதினைந்தாம் நாளே நான்காம் இலை வந்துவிடும். தூர் கட்டிய புல் மஞ்சளாகி, குன்றி, பிறகு பிழைத்துக்கொள்ளும். இந்த மருந்து மெதுவாகத்தான் வேலை செய்யும், முழுதாகக் காய இரண்டு மூன்று வாரம்கூட ஆகலாம். ஐந்தாம் நாள் புல் நிற்கிறதே என்று இரண்டாவது முறை அடிப்பவர்கள் நெல்லைத்தான் வாட்டுகிறார்கள்.

நான் மூன்றாம் நாள் மருந்தைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம், மருந்து தவறினால் மீள வழி இருக்கிறதா என்ற ஒரே கேள்வி. பிரெட்டிலாகுளோர் தவறினால் தப்பிய திட்டுகளுக்கு மட்டும் பிஸ்பைரிபேக் கையில் இருக்கிறது. பிஸ்பைரிபேக்கையே நம்பி, மழையாலோ ஆள் கிடைக்காமலோ ஒரு வாரம் தள்ளிப்போனால், அதன் பிறகு கைக்களை ஒன்றே மிச்சம். அதுவும் நெல்லும் புல்லும் ஒன்றுபோல் நிற்கிற பருவத்தில். இன்னொன்று, இரண்டு மருந்தும் களைக்குள் தாக்கும் இடம் வேறு வேறு. பிஸ்பைரிபேக் குழுவுக்கு எதிர்ப்புத்திறன் பெற்ற குதிரைவாலிப் புல் பல நாடுகளில் உறுதியாகியிருக்கிறது. பருவந்தோறும் அதையே அடிப்பது நல்லதல்ல.

கோனோவீடர் என்ற கையால் தள்ளும் களைக்கருவி வரிசையில் விதைத்த வயலில் இடைவெளியைச் சுத்தம் செய்யும். வரிசைக்குள் நெல்லோடு ஒட்டி நிற்கும் புல்லை அதால் தொட முடியாது. துணைக்கு நல்லது, தனியாகப் போதாது. காய்ந்த மண்ணில் விதைக்கும் புழுதி விதைப்புக்கு இந்த ஒப்பீடு பொருந்தாது.

எந்த மருந்தானாலும் சில செடி தப்பும். அவை நெல்லுக்கு முன்பே முற்றி உதிரும், ஒரு செடியில் ஆயிரக்கணக்கில் விதை. கதிர் தள்ளியதும், விதை பால் பிடிக்கும் முன் வேரோடு பிடுங்குங்கள். வரப்பில் போட்டால் ஈரத்தில் மறுபடி வேர் பிடிக்கும், வயலுக்கு வெளியே கொண்டுபோய் மாட்டுக்குப் போடுங்கள். விதை முற்றிவிட்டிருந்தால் மாட்டுக்கும் வேண்டாம், சாணத்தில் தப்பி எருவோடு திரும்பி வரும்.